ஸ்டெஃபன் கர்ரி: பிரித்து மாட்டிய ஆட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு 15 வயது. பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடுகிறான். உயரம் 5 அடி 7 அங்குலம், ஒல்லி உடம்பு. அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டெஃபன் கர்ரியின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, எந்நேரமும் த்ரீ பாயின்ட் கோட்டுக்கு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) வெளியே நின்றே பந்து போடுகிறான். அவன் பந்தை நெஞ்சுக்குக் கீழிருந்து தள்ளுகிறான், அதை மாற்றாமல் மேலே போக முடியாது என்கிறார் மாஸ்டர். மாற்றினால் இப்போது விழுவதும் விழாமல் போய்விடும் என்று இவன் பயப்படுகிறான். இந்த வருடத்தில் இரண்டு முறை கணுக்கால் வேறு பிசகிவிட்டது. படிப்பைக் குறைத்துக்கொண்டு இதிலேயே இறங்கட்டுமா என்றும் கேட்கிறான். கர்ரி பிறவித் திறமைசாலி, அப்பாவும் பெரிய ஆட்டக்காரர், அவரோடு நம் பிள்ளையை ஒப்பிடலாமா என்கிறார்கள் வீட்டில். ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து அவர் எப்படி அந்த இடத்துக்குப் போனார் என்று விவரமாக எழுத முடியுமா?

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகன் இப்போது பயப்படும் அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே வயதில், கர்ரியும் நின்றிருக்கிறார். அவருக்கும் பந்து கீழிருந்துதான் கிளம்பியது. இடுப்புப் பக்கத்திலிருந்து தூக்கி எறிவார். உள்ளே விழுந்துகொண்டும் இருந்தது. உயர்நிலைப் பள்ளியில் இரண்டு வருடம் முடிந்த கோடையில், அவருடைய அப்பா டெல் கர்ரி அந்த ஷாட்டை முழுவதுமாகக் கலைத்துப் போடச் சொன்னார். கீழே கிளம்பும் பந்தை, தடுக்க வரும் வளர்ந்த டிஃபென்டர்கள் கையை நீட்டியே தட்டிவிடுவார்கள். அதனால் பந்து நெற்றிக்கு மேலே போய், அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பது அவர் கணக்கு. முதல் சில வாரங்கள் பையனால் ரிங்குக்கு அடியில் உள்ள பெயின்ட் பகுதியைத் தாண்டி நின்று போடவே முடியவில்லை. அந்தக் கோடை முகாம்களில் அவரைப் பார்த்தவர்கள், இவன் எதற்கு ஆட வந்தான் என்று நினைக்கும் அளவுக்கு ஆட்டம் படுத்துவிட்டது. கை பழகி, யோசிக்காமலே பந்து சரியாகக் கிளம்ப ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆயிற்று.

அப்பா பெரிய ஆட்டக்காரர் என்று உங்கள் வீட்டில் சொல்வது உண்மை. டெல் கர்ரி அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் 16 சீசன் ஆடியவர், 1,245 த்ரீ பாயின்ட் போட்டவர். அப்படி ஒருவர் வீட்டிலேயே இருந்தது பெரிய கொடுப்பினை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அப்பா மகனுக்குச் செய்த பெரிய உதவி, விழுந்துகொண்டிருந்த ஷாட்டைக் கலைக்கச் சொன்னதும், மகன் தடுமாறிய நாட்களில் அந்த முடிவிலிருந்து பின்வாங்காததும்தான். இந்த உதவியைச் செய்ய என்பிஏ அனுபவம் தேவையில்லை. உங்கள் மாஸ்டரும் நீங்களும் சேர்ந்து செய்யலாம்.

எதற்காக இவ்வளவு பாடு? ரிங்கின் உள்விட்டம் 45.7 சென்டிமீட்டர். 7-ஆம் எண் பந்தின் விட்டம் சுமார் 24 சென்டிமீட்டர். நேர் மேலிருந்து விழும் பந்துக்கு முழு வாயும் திறந்திருக்கும். 45 பாகை சாய்வில் வரும் பந்தின் கண்ணுக்கு அந்த வாய் 32 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். 35 பாகையில் வெறும் 26. 30 பாகைக்கு வந்துவிட்டால் 23-க்கும் கீழே. அதாவது பந்தைவிட வாய் சிறியது, விளிம்பில் படாமல் உள்ளே போக வழியே இல்லை. நெஞ்சுக்குக் கீழிருந்து தள்ளும் பந்து பெரும்பாலும் இப்படித் தட்டையாகத்தான் போகும். தூரம் கூடக் கூட இன்னும் தட்டையாகும். உங்கள் மகன் த்ரீ பாயின்ட் கோட்டிலிருந்து போடும்போது பந்து ரிங்கின் முன்விளிம்பில் 'டங்'கென்று அடித்துத் திரும்புகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் கோளாறு இதுதான்.

மாற்றும் முறையைச் சொல்கிறேன். ரிங்கிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கட்டும். முதல் இரண்டு வாரம் ஒரே கை, மற்ற கை முதுகுக்குப் பின்னால். உள்ளங்கையில் பந்து ஒட்டாமல் விரல்களில் உட்கார வேண்டும். முழங்கை ரிங்கைப் பார்க்க வேண்டும். ஐந்து இடங்களில், இடத்துக்குப் பத்து. விளிம்பைத் தொடாமல் வலையில் விழுவது மட்டுமே கணக்கு. மூன்றாவது வாரம் இன்னொரு கையைப் பந்தின் பக்கவாட்டில் தொட்டும் தொடாமலும் வைக்கலாம். பத்துக்கு எட்டு விழுந்தால் அரை மீட்டர் பின்னால் போகட்டும். முழங்கை வெளியே விரிந்தாலோ, பந்து மறுபடி இடுப்புக்கு இறங்கினாலோ அரை மீட்டர் முன்னால் வரட்டும். அந்த நேரத்தில் இன்னும் கவனமாகப் போடச் சொல்வதில் பயனில்லை. தூரம் அவன் பலத்தைத் தாண்டியதால்தான் உடம்பு பழைய வழிக்கு ஓடுகிறது. ஃப்ரீ த்ரோ கோடு, ரிங் மாட்டியிருக்கும் போர்டிலிருந்து 4.6 மீட்டர். ஐந்து, ஆறு வாரத்தில் அங்கே வந்தால் போதும். அதுவரை த்ரீ பாயின்ட் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம்.

இதில் அதிகம் கெடுவது துணைக் கையின் கட்டைவிரலால். கடைசி நொடியில் அது பந்தைத் தள்ளிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பந்தின் கறுப்புக் கோடுகள் கிடைமட்டமாக இருக்கும்படி பிடித்துப் போடச் சொல்லுங்கள். பந்து நேராகப் பின்னோக்கிச் சுழன்றால் கோடு காற்றில் சீராகத் தெரியும். கோடு தள்ளாடினால் கட்டைவிரல் வேலை செய்கிறது.

கர்ரியிடம் காப்பி அடிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அவர் குதித்து உச்சிக்குப் போய் நின்று போடுவதில்லை. முழங்கால் நிமிரும்போதே கையும் மேலே போகிறது, உச்சிக்குப் போகும் முன்பே பந்து கையை விட்டுவிடுகிறது. கால் கொடுத்த உந்தம் வீணாகாமல் பந்துக்குப் போவதால் ஒல்லியான உடம்புக்கும் தூரம் எட்டுகிறது. தடுக்க வருபவன் கையைத் தூக்கும்போது பந்து போயிருக்கும். பாதங்களும் ரிங்கை நேராகப் பார்ப்பதில்லை, சற்றே இடப்பக்கம் திரும்பியிருக்கும். வலக்கைக்காரருக்கு அது தோளை இளக்கிக் கொடுக்கும். கண் வைக்கும் இடம் ரிங்கின் முன்விளிம்பு, வலையை மாட்டியிருக்கும் கொக்கிகள்.

இந்தப் புது ஷாட்டோடுதான் பள்ளியை முடித்தார். அப்போது உயரம் 6 அடி, எடை 73 கிலோவுக்குப் பக்கம். பெரிய கல்லூரிகள் எதுவும் உதவித்தொகையோடு அழைக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் விளையாடிய வர்ஜீனியா டெக் கூட, உதவித்தொகை இல்லாமல் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்ற அளவில்தான் சொன்னது. வட கரோலினாவில், சார்லட் நகருக்கு வடக்கே இருக்கும் டேவிட்சன் கல்லூரிதான் அழைத்தது. அப்போது மொத்த மாணவர்களே சுமார் 1,700 பேர். அன்று அங்கே பாப் மெக்கிலப் பயிற்சியாளர்.

2006 நவம்பரில் முதல் ஆட்டம், கிழக்கு மிச்சிகன் அணியோடு. கர்ரி 15 புள்ளி எடுத்தார், 13 முறை பந்தைப் பறிகொடுத்தார். ஒரே ஆட்டத்தில் 13 டர்ன் ஓவர்! எந்தப் பயிற்சியாளரும் பையனை பெஞ்சில் உட்கார வைத்திருப்பார். மெக்கிலப் ஆட விட்டார், அணியும் ஜெயித்தது. அடுத்த ஆட்டம் மிச்சிகனோடு, கர்ரிக்கு 32 புள்ளி. சின்னக் கல்லூரி அவருக்குக் கொடுத்தது இதைத்தான். தப்பு செய்துகொண்டே களத்தில் நிற்கும் நிமிடங்கள். பெரிய கல்லூரியில் முதல் வருடம் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் இந்த நிமிடங்கள் கிடைத்திருக்காது. அந்தச் சீசனை ஆட்டத்துக்கு 21.5 புள்ளியோடு முடித்தார். நாடு முழுவதும் முதலாண்டு மாணவர்களில் அவருக்கு மேலே இருந்தவர் கெவின் டூரன்ட் ஒருவர்தான்.

முதல் இரண்டு வருடம் பந்தைக் கொண்டுவரும் வேலை அவருடையது இல்லை. அதை ஜேசன் ரிச்சர்ட்ஸ் செய்தார். கர்ரியின் வேலை பந்து இல்லாமல் ஓடுவது, தன் அணிக்காரர்கள் டிஃபென்டரை மறித்து நிற்கும் ஸ்க்ரீன்களை உரசிக்கொண்டு வெளியே வந்து பந்தை வாங்கிப் போடுவது. வீடியோவில் கண்ணுக்குத் தப்புவது இந்த ஓட்டம்தான். ஸ்க்ரீன் நிற்பவரின் இடுப்பில் தன் தோள் உரசும் அளவுக்கு நெருங்கிப் போக வேண்டும். ஒரு கை இடைவெளி விட்டாலும் டிஃபென்டர் அதில் நுழைந்துவிடுவார். ஸ்க்ரீன் கால் ஊன்றி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும், முன்னால் ஓடினால் நகரும் ஸ்க்ரீன் என்று ஃபவுல் விழும். பிறகு டிஃபென்டரைப் பார்த்து முடிவு. பின்னாலேயே துரத்தி வந்தால் வளைந்து ரிங் பக்கம் போகலாம். ஸ்க்ரீனுக்கு அடியால் குறுக்கே வந்தால் பின்வாங்கி மூலைக்கு. முந்திக்கொண்டு மேலே பாய்ந்தால் நேராக ரிங்குக்கு. அரை நொடியில் மூன்றில் ஒன்று. உங்கள் மகன் இதைப் பழக பந்தே தேவையில்லை, ஒரு நாற்காலியும் ஒரு நண்பனும் போதும்.

2008 மார்ச்சில் அமெரிக்கா முழுவதும் அவரைப் பார்த்தது. கல்லூரி அணிகளின் தேசியப் போட்டியில் டேவிட்சனுக்குப் பத்தாம் தரவரிசை. 1969-க்குப் பிறகு அந்தப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத கல்லூரி. கொன்சாகாவுக்கு எதிராகக் கர்ரி 40 புள்ளி. ஜார்ஜ்டவுனிடம் 17 புள்ளி பின்தங்கிய நிலையில், இரண்டாம் பாதியில் மட்டும் 25. விஸ்கான்சினுக்கு எதிராக 33. டெட்ராய்ட்டில் நடந்த ஆட்டங்களுக்கு மாணவர்கள் போய்வர பஸ், தங்கும் அறை, டிக்கெட் எல்லாவற்றுக்கும் கல்லூரியின் அறங்காவலர்கள் பணம் கொடுத்தார்கள்.

காலிறுதியில் எதிரணி கான்சாஸ். கடைசிச் சில நொடிகள், டேவிட்சன் 57-59 என்று இரண்டு புள்ளி பின்னால். பந்து கர்ரியின் கையில். இரண்டு பேர் அவரை மூடிக்கொண்டார்கள். ஷாட்டுக்கு இடமில்லை. பந்தை ரிச்சர்ட்ஸுக்குக் கொடுத்தார். ரிச்சர்ட்ஸின் த்ரீ பாயின்ட் விழவில்லை. கான்சாஸ் பயிற்சியாளர் பில் செல்ஃப் அப்படியே மண்டியிட்டுவிட்டார். அந்த வருடம் கோப்பையும் கான்சாஸுக்குத்தான். கர்ரி அந்தப் பந்தைத் தானே எறிந்திருக்க வேண்டும் என்று இன்னும் சொல்கிறார்கள். இரண்டு பேர் ஒருவரிடம் வந்தால் நாலு பேரை மூன்று பேர்தான் காக்க முடியும். பாஸ் கொடுத்ததுதான் சரியான ஆட்டம். அந்தச் சீசனில் அவர் போட்ட 162 த்ரீ பாயின்ட், 158 என்றிருந்த பழைய கல்லூரிச் சாதனையைத் தாண்டியது.

அவருடைய கல்லூரி வருடங்களில் நான் பெரிதாக மதிப்பது மூன்றாவது வருடத்தைத்தான். ரிச்சர்ட்ஸ் படிப்பு முடித்துப் போய்விட்டார். என்பிஏவில் கர்ரியின் உயரத்துக்கு பாயின்ட் கார்டு இடம்தான் சரிவரும். எனவே பந்தைக் கொண்டுவரும் வேலை அவருக்கு வந்தது. அதே வருடம் கல்லூரி த்ரீ பாயின்ட் கோட்டையும் 6.02 மீட்டரிலிருந்து 6.32 மீட்டருக்குத் தள்ளினார்கள். த்ரீ பாயின்ட் விழும் விகிதம் 43.9 சதவீதத்திலிருந்து 38.7-க்கு இறங்கியது. பாஸ் கொடுத்துப் புள்ளியாக்கிய அசிஸ்ட் ஆட்டத்துக்கு 2.9-லிருந்து 5.6 ஆனது. புள்ளியிலும் ஆட்டத்துக்கு 28.6 என்று நாட்டிலேயே முதலிடம். ஒரு எண் இறங்கினாலும் பரவாயில்லை என்று புது வேலையைக் கற்றுக்கொண்ட வருடம் அது.

2008 நவம்பரில் மேரிலாந்தின் லயோலா அணி, எந்நேரமும் இரண்டு பேரைக் கர்ரியோடு ஒட்டி நிற்க வைத்தது. கர்ரி என்ன செய்தார் என்றால், மூலையில் போய் நின்றுகொண்டார். அந்த இருவரும் அவரோடு மூலையில் நின்றார்கள். மீதி ஆடுகளத்தில் நாலுக்கு மூன்று. ஆட்டம் முடிவில் டேவிட்சன் 78, லயோலா 48, கர்ரி பூஜ்யம். நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுக்கும் மாணவன் மூன்றே ஷாட் முயன்று, ஒன்றும் விழாமல், 30 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த அணியோடு வீடு போனான். உங்கள் மகனுக்கு நாற்பது புள்ளி வீடியோக்களைவிட இந்த ஆட்டத்தைக் காட்டுங்கள்.

நாலாவது வருடத்தை விட்டுவிட்டு, என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் 2009 தேர்வுக்குப் போனார். குள்ளம், உடம்பில் பலமில்லை, முழு பாயின்ட் கார்டும் இல்லை என்ற பேச்சுதான் அப்போதும். மினசோட்டா அணி 5-ஆவதாகவும் 6-ஆவதாகவும் ரிக்கி ரூபியோ, ஜானி ஃப்ளின் என்று இரண்டு கார்டுகளை எடுத்துவிட்டு இவரை விட்டது. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 7-ஆவதாக எடுத்தது. முதல் வருடம் நன்றாகவே போயிற்று.

அப்புறம்தான் வலது கணுக்கால். 2011-இல் ஒரு அறுவை, 2012-இல் மறுபடி ஒன்று. 66 ஆட்டங்கள் மட்டுமே நடந்த 2011-12 சீசனில் அவர் ஆடியது 26. இரண்டாவது முறை மருத்துவர்கள் உள்ளே பார்த்தபோது தசைநார் தாங்கியிருந்தது, வடுத்திசுவையும் சிதறல்களையும் சுத்தம் செய்தால் போதுமென்றாயிற்று. 2012 அக்டோபரில் நாலு வருடத்துக்கு 4.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அவருடைய திறமைக்கு அது குறைவு, கணுக்காலின் மேல் இருந்த சந்தேகம்தான் அந்த விலை. அந்த ஒப்பந்தம் ஓடிய காலத்திலேயே இரண்டு முறை, சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது வாங்கினார்.

கணுக்காலைச் சரிசெய்தது அறுவை மட்டும் இல்லை. வாரியர்ஸின் உடற்பயிற்சிப் பொறுப்பாளராக 2013-இல் வந்த கீகீ லைல்ஸ் பார்த்தது இடுப்பை. கர்ரி திடீரென்று திரும்பும்போதும் நிற்கும்போதும் கணுக்காலையே பிரேக்காகவும் ஸ்டியரிங்காகவும் பயன்படுத்தினார். அந்தச் சுமையை இடுப்பும் பின்தொடைத் தசைகளும் வாங்க வேண்டும். அதற்கு அறுகோணக் கம்பிக்குள் நின்று தூக்கும் டெட்லிஃப்ட். படிப்படியாக ஏற்றி 400 பவுண்டு, அதாவது 181 கிலோ வரை தூக்கினார். தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அறுவை முடிந்த 2012-13-இல் 78 ஆட்டம், லைல்ஸ் வந்த அடுத்த சீசனில் அதே 78, அதற்கடுத்து 80.

உங்கள் மகன் இந்த எடையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அவனுக்கு வேண்டியது அந்த அசைவு. முதுகோடு ஒரு துடைப்பக் கழியைப் பிடிக்கட்டும். தலை, நடுமுதுகு, வால் எலும்பு மூன்றிலும் கழி தொட வேண்டும். அந்தத் தொடுதல் விலகாமல் இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து நிமிர வேண்டும். 10 தடவை, மூன்று சுற்று. கணுக்கால் இரண்டு முறை பிசகியிருக்கிறது என்கிறீர்கள். வலி போனதும் கோர்ட்டுக்குப் போயிருப்பான், பெரும்பாலும் தப்பு நடப்பது அங்கேதான். வலி முதலில் போகும், சமநிலை உணர்வு பிறகுதான் திரும்பும். இடைப்பட்ட நாட்களில் யாராவது ஒருவருடைய காலின் மேல் இறங்கினால் பாதம் உட்பக்கம் மடிந்து, வெளிப்பக்கத் தசைநார் மறுபடி இழுபடும். சோதிக்க ஒரு வழி: கண்ணை மூடி ஒற்றைக் காலில் 30 நொடி நிற்கச் சொல்லுங்கள். நல்ல காலும் அடிபட்ட காலும் ஒரே மாதிரி நிற்கும்வரை ஆட்டம் வேண்டாம். தினமும் ஒற்றைக் காலில் குதிகால் தூக்கி இறக்குவது, காலுக்கு 25. ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கயிறு கட்டும் கணுக்கால் உறை போட்டு ஆடட்டும், கர்ரி இன்றும் உறையோடுதான் ஆடுகிறார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2015-16 சீசனில் 402 த்ரீ பாயின்ட், ஒரு வாக்குகூடச் சிதறாமல் எம்விபி. 2021 டிசம்பர் 14 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் த்ரீ பாயின்ட்டில் ரே ஆலன் வைத்திருந்த 2,973 என்ற என்பிஏ சாதனையைத் தாண்டினார், 2025 மார்ச்சில் 4,000-ஐத் தொட்டார். அவர் எறியும் தூரத்தைப் பார்த்துதான் உங்கள் மகன் மயங்கியிருக்கிறான். கல்லூரியில் 6.02, பிறகு 6.32, என்பிஏவில் 7.24 மீட்டர் என்று அந்தத் தூரம் அவருக்கு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நீண்டது. நம் ஊரில் கோடு 6.75 மீட்டர். 15 வயதில் பள்ளியில் அவர் ஆடிய கோட்டைவிட இது தூரம்.

படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டேவிட்சனில் ஒரு விதி உண்டு. பட்டம் வாங்காதவரின் ஜெர்சி எண்ணை அரங்கத்தில் மாட்டி, இனி யாருக்கும் தராமல் ஓய்வு கொடுக்கும் மரியாதையைச் செய்ய மாட்டார்கள். அந்தக் கல்லூரி வரலாற்றிலேயே அதிகமாக 2,635 புள்ளி எடுத்தவர் என்றாலும் விதி விதிதான். 2009-இல் கிளம்பும்போது பெற்றோரிடமும் மெக்கிலப்பிடமும் படிப்பை முடிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். 2022 வசந்தப் பருவத்தில், என்பிஏ சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மீதிப் பாடங்களை முடித்தார். மே மாதம் சமூகவியலில் பட்டம். ஜூனில் நாலாவது என்பிஏ கோப்பை. ஆகஸ்ட் 31-ஆம் தேதி டேவிட்சனுக்குப் போய்ப் பட்டத்தைக் கையில் வாங்கினார், அதே நாளில் அவருடைய 30-ஆம் எண்ணை அரங்கத்தின் மேலே ஏற்றினார்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. மாற்றத்தைத் தொடங்கும் முன் உங்கள் பள்ளி ரிங்கின் உயரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். தரையிலிருந்து 3.05 மீட்டர் இருக்க வேண்டும். பல மைதானங்களில் தொங்கித் தொங்கி முன்பக்கம் வளைந்து இறங்கியிருக்கும், அதில் பழகிய கைக்கு வெளியூர் ரிங்கில் எல்லாமே குறைவாகப் போகும். போட்டிகள் இல்லாத மாதங்களில் தொடங்குங்கள். முதல் ஆறு வாரம் பழைய ஷாட்டோடு எந்த ஆட்டத்திலும் அவனை இறக்க வேண்டாம் என்று மாஸ்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்